குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

எங்கள் நிறுவனத்தில் வேலைக்கு ஆள் எடுக்க நடந்த அந்த நேர்முகத் தேர்வில் என்ன ஆனது என்று உங்களில் பலருக்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. "வேலைக்கு வந்துவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று, வேலைக்கு விண்ணப்பித்து வந்த ஒரு பெண்ணிடம் தேர்வுக் குழு கேட்டது. அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று, எச்.ஆர். (மனிதவளத் துறை) சார்பில் குழுவில் இருந்த நான் குறுக்கிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அறிவுரை குவிகிறது. அக்கறையில் கேட்டதாம். சாதாரணக் கேள்வியாம். எச்.ஆர். தன் வேலையை மட்டும் பார்க்க வேண்டுமாம். நான் பார்த்தது என் வேலையைத்தான்.

அக்கறை என்றால், அதே நாளில் வந்த ஆண்களிடம் அது ஏன் எழவில்லை? ஒருவர் தனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருப்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். மாலையில் மதிப்பீட்டுத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. அவருடைய தாளின் குறிப்புப் பகுதியில் "குடும்பஸ்தர், பொறுப்பானவர், நிலைத்து இருப்பார்" என்று இருந்தது. அந்தப் பெண்ணின் தாளில், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், "கைக்குழந்தை" என்று பென்சிலால் எழுதி வட்டமிட்டிருந்தது. மதிப்பெண் அந்தப் பெண்ணுக்குத்தான் அதிகம். பெற்ற பிள்ளை அப்பாவுக்குத் தகுதி, அம்மாவுக்குக் குறை. இதைத்தான் நான் கேட்கிறேன். இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

"இரவு ஷிஃப்ட் உண்டு, பயணம் உண்டு, தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்கிறார்கள். தாராளமாகத் தெரிந்துகொள்ளுங்கள். "இரவு ஷிஃப்டுக்கு வர முடியுமா?" என்று கேளுங்கள். ஆனால் வருகிற அத்தனை பேரிடமும் கேளுங்கள். ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் எல்லோரிடமும் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுவது இந்தத் துறையில் அரிச்சுவடிப் பாடம். வீட்டில் மாமியார் இருக்கிறாரா, கணவர் ஒத்துழைப்பாரா என்பதெல்லாம் அந்த வரிசையில் எங்கே வருகிறது?

சட்டம் பேசுகிறேன் என்று கோபப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன். குடும்பப் பொறுப்பு உள்ள தொழிலாளர்களுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அது ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. குடும்பப் பொறுப்பை மட்டுமே காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. வேலையில் இருப்பவரை நீக்கக் காரணமாகாத ஒன்று, வேலைக்கு வருபவரைத் தடுக்க மட்டும் எப்படிக் காரணமாகும்?

சிறிய நிறுவனங்களுக்கு நீண்ட மகப்பேறு விடுப்பு பெரும் சுமை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் 2000-இல் வந்த, அதே அமைப்பின் மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, குறைந்தது 14 வாரம் விடுப்பு என்று சொன்னதோடு, அந்தக் காலத்துக்கான பணத்தைச் சமூகக் காப்பீடோ பொது நிதியோ தர வேண்டும் என்றது. முதலாளி ஒருவர் தலையில் மட்டும் கட்டினால் அவர் பெண்களையே எடுக்க மாட்டார் என்று தெரிந்துதான் அப்படி எழுதினார்கள். சுமை என்றால் அரசிடம் கேளுங்கள். எதிரே சுயவிவரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்காதீர்கள்.

என் வீட்டையே சொல்கிறேன். மகளின் பள்ளிப் படிவத்தில் முதலில் இருப்பது என் கணவரின் எண். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அழைப்பு வருவது எனக்கு. கூட்டத்தின் நடுவில் எழுந்து போகிறவள் நான். அவர் எழுந்து போனால் "எவ்வளவு நல்ல அப்பா" என்பார்கள். நான் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் நல்ல அப்பாதான், சந்தேகமில்லை. அதற்காக அவரை இதுவரை எந்த நேர்முகத் தேர்விலும் யாரும் குடைந்ததில்லை.

"பணிநீக்கக் கடிதம் கொடுக்கிற கைதானே உங்களுடையது, உங்களுக்கு எதற்கு இந்த நியாயம்?" என்று ஒருவர் கேட்டார். மற்றதெல்லாம் போகட்டும், இது தைத்தது. ஆம், கொடுத்திருக்கிறேன். அந்த முடிவுகள் என் அறையில் எடுக்கப்படுவதில்லை. எதிரே உட்கார்ந்து அழுகிறவரின் முகத்தைப் பார்ப்பது மட்டும் என் பங்குக்கு வரும். நான் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுவிடும். நிர்வாகத்துக்கு நான் ஊழியர்களின் ஆள், ஊழியர்களுக்கு நிர்வாகத்தின் ஆள். இரண்டு பக்கமும் வசை வாங்கிக்கொண்டு, ஒரு பெண்ணிடம் ஒரு கேள்வியைக் கேட்காதீர்கள் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையென்றால், அந்த நாற்காலியில் என்னை எதற்கு உட்கார வைத்தீர்கள்?

என்னைத் தேர்வுக் குழுவிலிருந்து மாற்றச் சொல்லிப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். மாற்றட்டும். ஆனால் அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஏன் இந்த வித்தியாசம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதிலும் எழுத்தில்தான் வர வேண்டும்.