மலைப்பாதையும் சைக்கிளும்: நடக்கிறவன் பார்வையில்

ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் மவுண்டன் பைக்கே வரக்கூடாது என்று சண்டை போடும் நடைக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இத்தனைக்கும் நானும் நடக்கிறவன்தான், அந்தச் சரிவில் சைக்கிளை விட்டு இறங்கும் தைரியமெல்லாம் கிடையாது.

சுவிட்சர்லாந்தில் நடைவழி காட்டும் மஞ்சள் பலகைகள் எப்படி வந்தன? 1930களில் மலைச்சாலையெல்லாம் கார்கள் புகுந்து நடக்கிறவர்களை ஓரங்கட்டின. அதைக் கண்டு கடுப்பான யோஹான் யாகோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர், நடப்பவர்களுக்குத் தனி வழி வேண்டும் என்று 1934-ல் ஒரு சங்கத்துக்கு அடிபோட்டார். இன்று 65,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை. 1979-ல் மக்கள் வாக்களித்து அரசியல் சாசனத்திலேயே நடைபாதைகளைச் சேர்த்தார்கள், 2018-ல் அதே பிரிவில் சைக்கிள் பாதைகளையும் சேர்த்தார்கள். விரட்டப்பட்டவர்களுக்காகப் போட்ட பாதையிலிருந்து இப்போது நாம் இன்னொருவரை விரட்டுகிறோம்.

பலகைகள் நம் காலுக்கு எல்லாம் சொல்கின்றன. வெறும் மஞ்சள் என்றால் யாரும் போகலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை என்றால் குறுகல், செங்குத்து, நல்ல பூட்ஸ் வேண்டும். நீலப் பலகையில் வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பனியும் பாறையும், கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும். போட்டிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது சேராது, அது வேறு விஷயம். சைக்கிளுக்குச் சிவப்புப் பலகை போட்ட வழிகள் தனியாக உண்டு, ஆனால் அந்தப் பலகையும் தடைப் பலகையும் இரண்டும் இல்லாத பாதைகள் ஏராளம். சைக்கிளுக்கு ஏற்றதல்லாத, அல்லது அதற்கென்று போட்டதல்ல என்று கண்கூடாகத் தெரியும் வழியில் ஓட்டாதே என்கிறது சட்டம். யார் கண்ணுக்கு?

பக்கத்து ஆஸ்திரியாவில் 1975 வனச் சட்டப்படி காட்டில் யாரும் நடக்கலாம், சைக்கிளுக்கு மட்டும் உரிமையாளர் அனுமதி வேண்டும். மரம் ஏற்றிய லாரி போகும் அகலமான காட்டுச்சாலைக்கும் இதே கதைதான். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் 2 மீட்டருக்குக் குறைந்த காட்டுப்பாதையில் பொதுவாக சைக்கிள் கூடாது, டேப் எடுத்துக்கொண்டா போக முடியும்? இதைவிட சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலம் போல ஒரே பாதையை இருவரும் பகிர்ந்துகொள்ளச் சொல்வது மேல்.

பாதை கெட்டுப்போகிறது என்ற புகாரில் பாதி நிஜம். ஈரமண்ணில் பிரேக் பிடித்துச் சறுக்கினால் பள்ளம் விழும், மழைநீர் அதிலேயே ஓடி ஆழமாக்கும், சரிசெய்யும் செலவு உள்ளூர்க்காரர்கள் தலையில். ஆனால் கொண்டை ஊசி வளைவில் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நேரே குறுக்கே இறங்குகிற நம்மாட்கள் போடும் தடத்திலும் அதே தண்ணீர்தான் ஓடுகிறது.

எனக்குக் கவலை இ-பைக்தான். மோட்டார் மேலே ஏற்றிவிடும், இறங்கும் திறமையை யார் தருவது? முன்பு ஏறத் தெம்பில்லாதவர் அந்த உயரத்துக்கே வந்திருக்க மாட்டார்.

கேபிள் கார் நிலையத்தைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும் இடத்தில் தனிப்பாதை போடட்டும், நீலப் பலகைப் பாதையில் சைக்கிளே வேண்டாம், மற்ற இடத்தில் தூரத்திலிருந்தே மணியடித்தால் நான் ஒதுங்கி நிற்கிறேன். கன்றோடு மாடுகள் நிற்கும் மேய்ச்சலுக்குள் வேகமாகப் பாய்கிறவருக்கு மட்டும் அபராதம் போட்டால் கைதட்டுவேன்.