புதினா நட்டால் எலி வராதா?

மாடித்தோட்டத்தில் "தொட்டிகளைச் சுற்றிப் புதினா நட்டால் எலி எட்டிப் பார்க்காது" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. கசக்கினால்தான் அந்த இலை நெடி அடிக்கும். சும்மா நிற்கும் செடி எலியை விரட்டாது. புதினா எண்ணெய் தெளித்தாலும் சீக்கிரம் ஆவியாகிவிடும், எலியும் பழகிவிடும். மாடித்தோட்டத்துக்கு எலியை அழைப்பது பெரும்பாலும் நாம் போடும் கடலைப் புண்ணாக்கும், மூடாமல் வைக்கும் சமையலறைக் கழிவும்தான். புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அப்புறம் துளசி, கற்பூரவல்லித் தொட்டிகளுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை போடுங்கள். சுண்டெலி என்றால் கால் அங்குலம். பிளாஸ்டிக் வலை வீண் செலவு, கடித்துவிடும். எலி நடமாடிய தொட்டியில் பறித்த இலையைக் கழுவாமல் வாயில் போடாதீர்கள். அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும்.