மலைக்கு இந்தப் பக்கம் பணம், அந்தப் பக்கம் வீடு

அமெரிக்க வருமான வரித்துறை வருடாவருடம் ஒரு கணக்கு வெளியிடுகிறது. போன வருட வரி ரிட்டர்னில் ஒரு கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) முகவரி, இந்த வருடம் வேறு கவுன்டி முகவரி என்றால் அந்தக் குடும்பம் இடம் மாறியதாகக் கணக்கு. எத்தனை ரிட்டர்ன், எத்தனை பேர், அவர்களின் வருமானம் எவ்வளவு என்று ஒவ்வொரு கவுன்டிக்கும் போட்டுவிடுவார்கள். உடனே "இந்தக் கவுன்டிக்கு இவ்வளவு டாலர் குடிவந்தது" என்று செய்தி வரும். எனக்கு அந்த வாக்கியத்தோடுதான் சண்டை.

வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கவுன்டியைப் பாருங்கள். ஜாக்சன் ஊர் இருப்பது இங்கேதான். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 23,331 பேர். ஆனால் தனிநபர் வருமானத்தில் பல வருடமாக நாட்டிலேயே முதல் இடம். மாநில வருமான வரி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் பனிமலை. பணக்காரர்கள் வராமல் இருப்பார்களா? நிலத்தில் சுமார் 97 சதவீதம் அரசு வசம். மிச்சம் இருக்கும் துண்டில்தான் எல்லோரும் வீடு கட்ட வேண்டும்.

ஒரே ஒரு கோடீஸ்வரர் வந்தால் போதும், அந்தக் கணக்கில் வருமானத் தொகை எகிறிவிடும். அதே வருடம் பத்து சமையல்காரர் குடும்பங்கள் காலி செய்துகொண்டு போனாலும் அந்தத் தொகையில் ஒரு கீறல்கூட விழாது.

போனவர்கள் ரொம்ப தூரம் போகவில்லை. டீட்டன் கணவாயைத் தாண்டினால் ஐடஹோ மாநிலம். அந்தக் கவுன்டிக்கும் டீட்டன் என்றுதான் பெயர்! (மொன்டானாவில் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை விடுங்கள்.) விக்டர், டிரிக்ஸ் ஊர்களில் குடியிருந்துகொண்டு தினமும் மலையேறி ஜாக்சனுக்கு வேலைக்கு வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: வரியில்லாத ஊர் என்று குடிவந்தவர் மாநில வருமான வரி கட்டுவதில்லை. அவருக்குக் காபி கொண்டுவந்து வைப்பவர், வீடு ஐடஹோவில் இருப்பதால், வயோமிங் சம்பளத்துக்கு ஐடஹோவில் வரி கட்டுகிறார்.

2024 ஜூன் 8 அன்று அந்த மலைச்சாலையில் ஒரு பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. மாற்றுப் பாதை போட்டுத் திறக்க ஜூன் 28 ஆனது. அதுவரை 60 மைலுக்கும் மேல் சுற்றித்தான் வர வேண்டும். ஜாக்சன் யாருடைய உழைப்பில் ஓடுகிறது என்பது எந்த அட்டவணையையும் விட அந்த மூன்று வாரத்தில் நன்றாகத் தெரிந்தது.

இன்னொரு பணமும் இருக்கிறது. ஜாக்சனின் மெக்சிகோக் குடும்பங்களில் பல, த்லாஸ்கலா மாநிலத்தின் சான் சிமியோன் என்ற ஒரே ஊரிலிருந்து வந்தவை. இங்கே அறை துடைத்து, பாத்திரம் கழுவி அனுப்பிய காசில் அங்கே வீடுகள் எழும்பியிருக்கின்றன. அந்தப் பணம் கவுன்டிக் கணக்கில் எங்கே வரும்?

அந்தக் கோடையில் நாங்கள் ஜாக்சனில் தங்கிய விடுதியின் வரவேற்பில் இருந்த பெண் விக்டர்காரர். சாலை மூடியிருந்தபோது விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பினாராம். "இப்போதுதான் சாலை திறந்துவிட்டதே, நிம்மதிதானே?" என்று கேட்டேன். சாலை சரி, விக்டரிலும் வாடகை ஏறிவிட்டது, அடுத்து இன்னும் தள்ளி ரெக்ஸ்பர்க் பக்கம் வீடு பார்க்கிறோம் என்றார்.