கட்சி பிறந்தது 2008-இல் அல்ல

மலேசிய சோசலிசக் கட்சி 2008-இல் தொடங்கப்பட்டது என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அது பதிவு கிடைத்த ஆண்டு. கட்சி தொடங்கியது 1998-இல். பதிவுக்காக நீதிமன்றம் வரை அலைந்தார்கள். அதுவரை பதிவு கிடைக்காததால்தான் 2008 மார்ச் பொதுத்தேர்தலில் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் இன்னொரு கட்சியான கெஅடிலானின் சின்னத்தில் நின்றார். 1974 முதல் எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்திய காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவையே தோற்கடித்தார்! அன்று ராத்திரி எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் தூங்கவில்லை. ரப்பர் பால் மரம் வெட்டிக் காய்ப்பேறிய கையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஆறிப்போனது கூடத் தெரியாமல், அம்மா வாசற்படியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சரி, வெற்றியை எழுதிவிட்டீர்கள். அதற்கு முன்பு தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுக்காகவும் மாதச் சம்பளத்துக்காகவும் தோட்டம் தோட்டமாக நடந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள், ஐயா.