பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது வியாசர்பாடியில் தரைத்தள வீடு ஒன்றில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். ஐப்பசி பிறந்தால் போதும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்துவிட்டு விடிகிற நேரத்துக்குத் திரும்புவோம். "ஐஸ்கிரீம் கொடுத்தீங்களா?" என்று எல்லாரும் என் மனைவியைத்தான் கேட்டார்கள். ஒரே ஒரு டாக்டரம்மா மட்டும், "வீட்டுல ஓதம் இருக்கா?" என்றார்.

அன்றைக்குத்தான் பீரோவை நகர்த்திப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம். தொட்டால் விரலில் ஒட்டியது. அவள் பாயில் தலைவைத்துப் படுக்கும் பக்கம் அது. நாங்களும் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, சுருள் கொளுத்தி, மழைநாளில் துணியையும் உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தோம். அந்தப் புகையும் ஈரமும் எங்கே போகும்?

ஹவுஸ் ஓனரிடம் சொன்னேன். பெயின்ட் அடித்துத் தந்தார். அடுத்த மழைக்கு அது அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. மறுபடி போனால், "சரிப்படலன்னா காலி பண்ணிக்கங்க தம்பி." பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூசணத்தால் மூச்சுக் கெட்டு 2020 டிசம்பரில் இறந்துபோனான். அவன் அப்பா 2017-லேயே புகார் சொல்லியிருக்கிறார். பெயின்ட் அடித்துக்கொள் என்றுதான் அங்கேயும் பதில்! பிறகு அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபரிலிருந்து, வசதி குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகையில் தரும் சமூக வாடகை வீடுகளை நடத்தும் அமைப்புகள் ஆபத்தான ஓதம் என்று புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம்தான்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். சரி, குழந்தைக்கு இழுப்பு வருகிறது என்பதை அந்த அட்டவணையில் எங்கே எழுதுவது? பதினோரு மாத அக்ரிமென்ட்டில் இருப்பவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓனர் வாசலில் நிற்பானா? என்னைக் கேட்டால், குழந்தைகள் டாக்டர்கள் எல்லாரும் சீட்டில் மருந்துக்கு மேலே வீட்டைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். அந்தச் சீட்டாவது பேசட்டும்.

நாங்கள் மாடி வீடு பார்த்துப் போய்விட்டோம். இழுப்பு அடியோடு போகவில்லை, ஆனால் ராத்திரி ஆட்டோ நின்றது. போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனபோது பழைய வீட்டு வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் நின்றது. மனசு கேட்காமல் உள்ளே இருந்த அம்மாவிடம், பீரோ எங்கே போட்டிருக்கீங்க என்று கேட்டேன். அதே சுவர்தான்.