எந்த மரக்கால்?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு, மன்னார்குடிப் பக்கம் ஒரு பழைய பண்ணையைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். தனியார் இடம். வீடு, தோட்டம், களம், மாட்டுக்கொட்டகை எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி, தலைக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு சுற்றிப்பார்க்க விடுகிறார்கள். பேர் வேண்டாம், விடுங்கள். "இலுப்ப மரத்தப் பாக்க நூறு ரூவாயா?" என்று மச்சான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த ஆளே அருகிவிட்ட காலத்தில் இதைக் கட்டிக் காப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

தோட்டம் அருமை. நம் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழை நின்றால் மரத்துக்கு வேர் அழுகிவிடும். அதனால் குளம் வெட்டிய மண்ணையே மேடாக்கி, மேட்டில் மாவும் பலாவும் நார்த்தையும் வைத்து, நடுவில் வடிகால் விட்டிருக்கிறார்கள். எல்லாரும் மனோரஞ்சிதத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். வடிகாலை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது இல்லாவிட்டால் அந்தத் தோட்டமே இல்லை. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் தென்னை பாதிக்குமேல் சாய்ந்துவிட்டதாம், இலுப்பைகள் மட்டும் அப்படியே நின்றனவாம். வீட்டுக்காரப் பெரியவர் சொன்னார்.

நல்ல மனிதர். கூடவே வந்து எல்லாவற்றையும் காட்டினார். ஒரு காலத்தில் வேலிக்கணக்கில் நிலமாம். (20 மா ஒரு வேலி, கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர்.) "உச்சவரம்பு வந்துச்சு, எல்லாம் போச்சு" என்றார். 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு குடும்பம் அதிகபட்சம் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 1970இல் 15 ஆக்கினார்கள். அவர் வருத்தம் அவருக்கு.

ரேழியைத் தாண்டினால் ஆள் உயரத்துக்கு ஒரு பத்தாயம். மேலே கொட்டி, கீழே சின்னக் கதவைத் திறந்து நெல்லை வாங்கும் அமைப்பு. என் பையன் அந்தக் கதவை விட்டு நகரவே இல்லை. பக்கத்து மேஜையில் நெல் அளக்கும் மரக்கால் ஒன்று, பித்தளைப் பூண் போட்டது, எண்ணெய் தடவி மினுமினுவென்று இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஐயா, இது எந்த மரக்கா? நெல்லு வாங்குறதா, கூலி அளக்குறதா?"

பெரியவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் ஒரு மாதிரி ஆனது.

அம்மாவைப் பெற்ற தாத்தா வேறொரு பண்ணையில் பண்ணையாள். அங்கே வரவுக்குப் பெரிய மரக்கால், கூலிக்குச் சின்ன மரக்கால். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகும் அந்தச் சின்ன மரக்கால் அங்கே இருந்தது என்பார் அம்மா. அவர்கள் குடிசை நின்ற மனை, 1971 குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் தாத்தா பெயருக்கு வந்தது. அந்தச் சட்டங்களில் பெரியவர் வீட்டைவிட்டுப் போனது நிலம். எங்களுக்கு வந்தது நாலு சுவர் எழுப்ப இடம்.

இப்படிப்பட்ட வீடுகளை இடிக்கவே கூடாது. ஆனால் ஊஞ்சலையும் முற்றத்தையும் மட்டும் காட்டிவிட்டு வழியனுப்பினால் போதாது. அந்தக் குளத்தை வெட்டியவர்கள் யார், களத்தில் தூற்றியவர்களுக்கு என்ன அளந்தார்கள் என்று ஒரு பலகையாவது வேண்டும். அந்த வீட்டில் பெரியவரின் தாத்தாவுக்கு ஆறு போட்டோ இருக்கிறது. களத்து ஆட்களுக்கு ஒன்றுகூட இல்லை. நாற்பத்து நாலு பேரை எரித்த கீழ்வெண்மணி இருக்கிற மண் இது. அது நடந்தது 1968இல். ரொம்பப் பழைய கதையும் இல்லை.

பெரியவர் கோபிக்கவில்லை. கிளம்பும்போது அம்மா கையில் நாலு நார்த்தங்காய் கொடுத்து, "பரண்ல இன்னொரு மரக்கா கெடக்கும்மா. எடுத்து வக்கச் சொல்றேன், அடுத்த தடவ வந்து பாரு" என்றார்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மறுபடி போகணுமாம், அம்மா நச்சரிக்கிறார். மச்சான் இப்போதே நூறு ரூபாய்க் கணக்கை எடுத்துவிட்டார்.