அந்த அணில் சீனுக்கு கை தட்டுனது என் பையன்தான்

ரெண்டு நாளா நம்ம வேலூர் குரூப்பு எல்லாத்துலயும் சுத்திகினு இருக்கிற அந்த ரீல நீங்களும் பாத்திருப்பீங்க. எதுன்னு நான் தனியா சொல்ல வேணாம். எனக்கே பதினோரு பேர் அனுப்பி "அக்கா இத பாருங்க, செம காமெடி"ன்னு போட்டிருந்தீங்க. அனுப்புனவங்களுக்கு தெரியாது, அதுல சூப்பர்மேன் படம் ஓடுற தியேட்டர்ல தனியா எழுந்து நின்னு கை தட்டுற பையன் என் பையன். பக்கத்துல பச்சை சுடிதார்ல பின்னாடி திரும்பி பாக்குறது நான்.

கோவம் அடங்கட்டும்னு ரெண்டு நாள் எழுதாம இருந்தேன். அடங்கல.

2025ல வந்த புது சூப்பர்மேன் படம் பாத்தவங்களுக்கு அந்த இடம் தெரியும். மலை மாதிரி ஒரு மிருகம் ஊரையே மிதிச்சிகினு வருது, ஜனங்க ஓடுறாங்க, அதுக்கு நடுவுல நசுங்கப் போற ஒரு அணில சூப்பர்மேன் தூக்கிகினு போயி பத்திரமா விடறான். கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். அவ்ளோதான் சீனு. பின்னாடி வரிசைல இருந்து ஒருத்தன் "டேய் அணிலு டா"ன்னு கத்துனான், தியேட்டரே சிரிச்சிச்சு, அந்த வார்த்தைய வச்சு விஜய் ரசிகர்கள யார் கிண்டல் பண்றாங்கன்னு எனக்கும் தெரியும், உங்க சண்டைய நீங்க வெளிய வச்சிக்குங்க. அந்த சிரிப்பு நடுவுலதான் என் பையன் எழுந்து கை தட்டுனான். அவன் யாரையும் எதிர்த்து தட்டல. அணில் பொழச்சிதுன்னு சந்தோஷத்துல தட்டுனான். எட்டாவது படிக்கிறான், பதிமூணு வயசு. எவனோ ஃபோன்ல எடுத்து, "அணிலுக்கு சொந்தக்காரன் போல"ன்னு எழுதி, சிரிக்கிற சத்தத்த மேல ஒட்டி போட்டுட்டான்.

அப்புறம் அவன் ஒக்காந்தவன் ஒக்காந்தவன்தான். இன்டர்வல்ல சமோசா வேணாம்னுட்டான். அந்த வெள்ள நாய்க்குட்டி க்ரிப்டோ வர்ற எடத்துக்கெல்லாம் ஊரே சிரிக்குது, இவன் என் துப்பட்டா நுனிய விரல்ல சுத்திகினு ஒக்காந்திருந்தான். ட்ரெயிலர் வந்த நாள்லருந்து அந்த நாய பாக்கணும்னு நாள எண்ணிகினு இருந்த புள்ள.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. காப்பாத்துறதுதான் சூப்பர்மேன். அடிக்கிறதுக்கு ஆயிரம் ஹீரோ இருக்கான், நம்ம ஊர்லயே வெள்ளிக்கிழமைக்கு ஒருத்தன் வரான். சூப்பர்மேன் வேலை காப்பாத்துறது. அது மனுஷனா, நாயா, அணிலான்னு அவன் பாக்க மாட்டான். அந்த ஒரு சீன எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது பறக்கத் தெரிஞ்ச ஒரு ரவுடி.

"பழைய சூப்பர்மேன் எவ்ளோ கெத்து, இப்ப இப்டி ஆக்கிட்டானுங்க"ன்னு கமெண்ட்ல எழுதுறவங்களே, நீங்க பழைய படத்த பாத்தீங்களா இல்ல போஸ்டர மட்டும் பாத்தீங்களா? 1978ல கிறிஸ்டோபர் ரீவ் நடிச்ச படம். ஹெலிகாப்டர்லருந்து விழுற ஹீரோயின் லோயிஸ ஒரு கையில புடிச்சு, ஹெலிகாப்டர இன்னொரு கையில புடிப்பானே, அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே ராத்திரி, மரத்துல மாட்டிகினு எறங்கத் தெரியாம இருக்கிற ஒரு பூனைய எறக்கி ஒரு சின்னப் பொண்ணு கையில குடுப்பான். அது யாருக்கும் ஞாபகம் இல்ல. அன்னிக்கி பூனை, இன்னிக்கி அணில், நடுவுல 47 வருஷம், அவ்ளோதான் வித்தியாசம். இன்னும் பின்னாடி போனா 1938ல வந்த மொத காமிக்ஸ். அதுலயே அவன் செய்யாத கொலைக்கு சாகப் போற ஒரு பொம்பளைய காப்பாத்துறான், பொண்டாட்டிய அடிக்கிறவன் ஒருத்தன தடுக்கறான். வேற்று கிரகத்துக்காரனோட சண்டை எல்லாம் அப்புறம் வந்தது.

அந்த பழைய படத்த நான் பாத்தது எங்க தெருவுல. பொங்கலுக்கு வாடகைக்கு வீடியோ டெக் எடுத்தாங்க, ஒரு சாமி படம், ஒரு சண்டை படம், கடைசியா கேசட்காரன் சும்மா குடுத்தனுப்புன இந்த இங்கிலீஷ் படம். பாதி பேர் பாயிலயே தூங்கிட்டாங்க. தெருவுல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, எங்க நைனாவுக்கும் தெரியாது, ஆனா எல்லாம் தெரிஞ்ச மாதிரி எங்களுக்கு கதை சொல்லிகினே வந்தாரு. அந்த பூனை சீன் வந்தப்ப எதிர்வீட்டு ஆயா, "ராஜா மாதிரி கீறான், பூனைய எறக்கி தரான் பாரேன்"னு வாயில கை வச்சு ஆச்சரியப்பட்டுச்சு. அப்பவும் எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அது வேற சிரிப்பு. அந்த சிரிப்புல யாரும் கூனிக் குறுகி ஒக்காரல.

ஹென்றி கேவில் ஃபேன்ஸ் வருவீங்கன்னு தெரியும். எனக்கும் அவர புடிக்கும், அவர் சூப்பர்மேனா நடிச்ச 2013 படத்த நான் ரெண்டு தடவ பாத்தவ. 2022ல திரும்ப வரேன்னு அவரே சொல்லி, ரெண்டே மாசத்துல இல்லன்னு ஆயிடுச்சே, அது அவருக்கு நடந்த அநியாயம், ஒத்துக்குறேன். ஆனா அதுக்கு புது பையன் டேவிட் கோரன்ஸ்வெட் என்ன பண்ணுவான்? அந்த 2013 படத்துல கடைசில வில்லன் கழுத்த ஒடிச்சப்ப, "சூப்பர்மேன் போயி கொலை பண்ணலாமா, ஊரு இடியுதே ஜனங்கள பாக்க மாட்டானா"ன்னு உலகம் பூரா சண்டை போட்டாங்க. இப்ப சண்டைக்கு நடுவுல ஒரு அணில கூட விடாம பாக்குறான், அதுக்கும் சிரிக்கிறீங்க. எப்டி இருந்தாதான் உங்களுக்கு ஆகும்?

அந்த செவப்பு ஜட்டிக்கு எத்தன மீம்ஸ். அது ஏன் திரும்ப வந்துச்சுன்னு டைரக்டர் ஜேம்ஸ் கன்னே பேட்டில சொல்லியிருக்காரு. அவரு வேணாம்னுதான் இருந்தாராம், கோரன்ஸ்வெட்தான் இவ்ளோ சக்தி இருக்கிற ஒருத்தன பாத்து கொழந்தைங்க பயப்படக்கூடாதுன்னு சூப்பர்மேனே நினைப்பான், அதனால அத போடுவான்னு சொல்லி மாத்துனாராம். அணில் சீனும் அப்டிதான். முன்னோட்டமா போட்டு காட்டுனப்ப நெறைய பேருக்கு புடிக்கல, வெட்டிப் பாத்துருக்காரு, மனசு கேக்காம திரும்ப சேத்துருக்காரு. அங்கயும் சிரிச்சிருக்காங்க. ஆனா அந்த மனுஷன் விட்டுக் குடுக்கல.

சூப்பர்மேன பெத்த அம்மா அப்பா அவனுக்கு அனுப்புன செய்திய இந்தப் படத்துல கெட்டதா மாத்திட்டாங்கன்னு ஒரு குறை சொல்றாங்க. அது நியாயமான குறைதான், எனக்கும் அது உறுத்துச்சு. அத பத்தி வேற நாள் பேசலாம். "கொழந்தைங்க படம்"னு ஒருத்தர் போட்டிருந்தாரு, ஆமாங்க, கொழந்தைய கூட்டிகினுதான் போனேன்.

பேகன் மயிலுக்கு போர்வை குடுத்தான்னு நம்ம எல்லாரும் பரீட்சைல எழுதி மார்க் வாங்கியிருக்கோம். பாரி முல்லைக் கொடிக்கு தேர விட்டுட்டு வந்தான்னு எழுதுனோம். அப்ப யாரும் சிரிக்கல. இப்ப ஒருத்தன் போர்வைய தோள்ல கட்டிகினு அணிலுக்காக பறந்தா மட்டும் ஏன் சிரிப்பு வருது?

எங்க நைனா ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனில வேலை செஞ்சாரு. தோல ஊற வைக்க சுண்ணாம்புத் தொட்டி இருக்கும், அதுல சல்ஃபைடும் கலந்திருப்பாங்க, அந்த தண்ணில ஊறுனா தோல்ல இருக்கிற முடியெல்லாம் கழண்டு வந்துரும். மாட்டுத் தோலுக்கே அந்த கதின்னா மனுஷன் கைக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. ஒரு நாள் கம்பெனில திரிஞ்ச நாய் போட்ட குட்டி ஒண்ணு தொட்டில விழுந்துருச்சு. சுத்தி நின்னவங்க கொம்பு தேடுறாங்க. நைனா மண்டி போட்டு, வெறுங்கைய தோள் வரைக்கும் உள்ள விட்டு எடுத்துட்டாரு. ஓடிப்போயி குழாயில குட்டிய கழுவுனாரு, அப்புறம்தான் கைய கழுவுனாரு. வேலை நேரத்துல எடத்த விட்டு போனதுக்கு சூப்பர்வைசர் அரை நாள் கூலிய புடிச்சிட்டாரு. கூட வேலை செஞ்சவங்க ரொம்ப நாளைக்கு அவர "நாய் டாக்டரு"ன்னு கூப்டாங்க. வீட்ல அம்மா மூணு நாள் பேசல, பேசுனப்ப "நாய்க்கு கீற மரியாத பெத்த புள்ளைங்களுக்கு இல்லியா உனுக்கு"ன்னு கத்துச்சு. முழங்கைக்கு கீழ தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு வந்துச்சு, தேங்காண்ணெ தடவுனது நான்தான். கடைசி வரைக்கும் அந்த கையில முடி முளைக்கல.

அந்த குட்டி பொழச்சிதான்னு கேப்பீங்க. பொழச்சிச்சு, ஒரு கண்ணு போச்சு.

இத ஏன் சொல்றேன்னா, "நெஜத்துல எவன்டா அணிலுக்காக நிப்பான்"னு ஒரு தம்பி எழுதியிருந்தான். நிப்பாங்க தம்பி. நீ பாத்ததில்ல, அவ்ளோதான். அப்டி நின்னவங்களையும் பக்கத்துல இருந்தவங்க கிண்டல்தான் பண்ணாங்க.

பலம் பலம்னு பேசுறீங்களே, அந்த கிறிஸ்டோபர் ரீவ் 1995ல குதிரைலருந்து விழுந்து கழுத்துக்கு கீழ அசைவில்லாம ஆயிட்டாரு. 2004ல சாகுற வரைக்கும் தண்டுவடம் அடிபட்டவங்களுக்காக பேசிகினு, ஆராய்ச்சிக்கு பணம் சேத்துகினு இருந்தாரு. நம்ம ஊர்ல மேரி வர்கீஸ் டாக்டரம்மா இருந்தாங்களே, 1954ல நடந்த வண்டி விபத்துல இடுப்புக்கு கீழ உணர்ச்சி போயி, வீல்சேர்ல ஒக்காந்துகினே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. மடங்கிப்போன வெரல நீட்டி விட்டு, அவங்க கையால சாப்பிட வச்சாங்க. அப்புறம் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்ததுக்கும் அவங்கதான் காரணம். அந்த பக்கம் பஸ்ல போறப்பல்லாம் என் பையனுக்கு காட்டுவேன். அதனாலதான் அவனுக்கு அந்த அணில் சீன் புரிஞ்சிச்சு, அவன் லூசு ஆனதால இல்ல.

இன்னொண்ணு. இந்தப் படத்துல ஹீரோவும் ஹீரோயினும் முத்தம் குடுக்கிற சீன்ல 33 செகண்ட சென்சார் போர்டு வெட்டிட்டாங்க, அத பத்தி ரெண்டு நாள் எல்லாரும் பொங்குனீங்க, நானும்தான் பொங்குனேன். ஒரு முத்தத்த வெட்டுனதுக்கு அவ்ளோ கோவம் வந்த உங்களுக்கு, ஒரு கொழந்தைய அவன் அம்மாகிட்ட கேக்காம வீடியோ எடுத்து ஊருக்கே காட்டுனது தப்பா தெரியலியே. தியேட்டர்ல படம் புடிக்கிறதே தப்பு, அதுல புள்ள மூஞ்சிய வேற புடிக்கிறது. "சும்மா ஜாலிக்குக்கா, சீரியஸா எடுத்துக்காதீங்க"ன்னு இன்பாக்ஸ்ல சொன்ன தம்பி, நேத்து டியூஷன்ல நாலு பசங்க என் பையன பாத்து அணில் மாதிரி "கீச் கீச்"னு சத்தம் போட்டிருக்கானுங்க. பைய கூட கழட்டாம வந்து ஒக்காந்து, "நான் கை தட்னது தப்பாம்மா"ன்னு கேட்டான். உன் ஜாலி எங்க வந்து நிக்குதுன்னு பாத்துக்க.

தப்பில்லன்னு சொன்னேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்கால ஷோவுக்கு திரும்ப டிக்கெட் போட்டுட்டேன், அதே தியேட்டர், அதே வரிசை. இந்த தடவ அவன் தட்டுவானா தெரியல, நான் தட்டப் போறேன். ரீல் போட்டவன் யாருன்னு எனக்கு தெரியும், எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் வீடு, உங்க அம்மாவும் நானும் ஒரே பஸ்ல வேலைக்கு போறோம். பேர போட மாட்டேன். நாளைக்கு காலைக்குள்ள அத எடுத்துடு தம்பி.